அன்னி ஜிரார்தோவைப் பிரெஞ்சு சினிமா ஏன் மறந்தது?

1996ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாரிசில் சேசார் விருது விழா நடந்தது. பிரெஞ்சுத் திரையுலகம் தன் கலைஞர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் விருதுகளில் அதுவே முதன்மையானது. அன்று சிறந்த துணை நடிகைக்கான விருதைப் பெற மேடையேறிய அன்னி ஜிரார்தோவுக்கு வயது 64. விருதைக் கையில் வாங்கியவர் பேச முயன்று, முடியாமல் அழுதார். பிறகு அழுகையினூடே இப்படிச் சொன்னார்: "பிரெஞ்சு சினிமாவுக்கு நான் இல்லாத குறை தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குப் பிரெஞ்சு சினிமா இல்லாத குறை தெரிந்தது. பித்துப் பிடித்தாற்போல, தன்னை மறக்கும் அளவுக்கு, வலியோடு தெரிந்தது." அரங்கம் காட்டிய அன்பைப் பார்க்கும்போது ஒருவேளை, ஒருவேளை என்றுதான் சொல்ல முடியும், தாம் இன்னும் முழுமையாகச் செத்துப்போகவில்லை என்று தோன்றுவதாகவும் சொல்லி முடித்தார்.

பிரெஞ்சில் இந்தப் பேச்சின் வலிமை முழுவதும் ஒரே வினைச்சொல்லை முன்னும் பின்னும் திருப்பிப் போடுவதில் இருக்கிறது. இல்லாமையை உணர்வது யார், இல்லாமல் போனது யார் என்பது அந்தச் சொல் திரும்பும் திசையைப் பொறுத்து மாறிவிடுகிறது. அவர் யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறவில்லை, எந்தக் கணக்கையும் தீர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் கீழே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர்களும் இயக்குநர்களும்தான் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்குப் பெரிய வேடம் எதையும் தராதிருந்தவர்கள். அந்தப் பேச்சை இன்று பார்த்தாலும் கைதட்டலின் ஓசைக்குள் ஒரு குற்றவுணர்வு கேட்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1970களில் பிரான்சின் மிகப் பெரிய பெண் நட்சத்திரங்களுள் ஒருவர் அவர். அவர் பெயர் சுவரொட்டியில் இருந்தால் கூட்டம் வரும் என்பது விநியோகஸ்தர்கள் அறிந்த கணக்கு. அப்படிப்பட்டவர் அடுத்த பத்தாண்டில் ஏன் காணாமற்போனார் என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் எல்லாம் அவரது தனிவாழ்க்கையைச் சுற்றியே வருகின்றன: தவறான மனிதர்களை நம்பினார், தவறான முயற்சிகளில் பணத்தைப் போட்டார், கணக்குப் பார்க்கத் தெரியாதவர். அவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் அவை மட்டும் போதா. ஜிரார்தோ எந்த வகைப் படங்களில் வாழ்ந்தாரோ அந்த வகைப் படங்களே 1980களில் எடுக்கப்படுவது குறைந்துபோனது. அவற்றைப் பார்த்துவந்த மக்களும் திரையரங்கை விட்டு வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவரது கதையை விளங்கிக்கொள்ள அந்தப் படங்கள் என்ன, அந்த மக்கள் யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அன்னி ஜிரார்தோ 1931 அக்டோபர் 25 அன்று பாரிசில் பிறந்தார். தாய் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. தந்தை குடும்பத்தோடு வாழவில்லை. தாய் தனியாக வளர்த்த பெண் என்பதால், வேலைக்குப் போய் வீட்டைக் காப்பாற்றும் பெண் என்ற உருவம் அவருக்கு எந்தக் கதாசிரியரும் எழுதிக் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாக இருக்கவில்லை. நார்மண்டியில் உள்ள கான் நகரில் செவிலியர் படிப்பைத் தொடங்கி, அதை விட்டுவிட்டு நடிப்புக்கு வந்தார். பாரிஸ் நாடகப் பயிற்சிக் கல்லூரியில் முதற்பரிசுகளுடன் தேறி, 1954இல் பிரான்சின் அரசு நாடக நிறுவனமான கொமெதி ஃபிரான்சேசில் சேர்ந்தார். பதினேழாம் நூற்றாண்டு முதல் தொடர்ந்துவரும் அந்த மேடையில் இடம் கிடைப்பது நடிகர்களுக்கு வாழ்நாள் பாதுகாப்புக்குச் சமம். 1956இல் அங்கே ழான் கொக்தோவின் நாடகமொன்றில் நடித்தபோது, போருக்குப் பிந்தைய தலைமுறையின் மிகச் சிறந்த நாடகத் திறன் இந்தப் பெண்ணிடம் இருக்கிறது என்று கொக்தோவே பாராட்டினார். ஆனாலும் 1957இல் அவர் அந்தப் பாதுகாப்பை உதறிவிட்டு வெளியே வந்தார். சினிமா அவரை இழுத்துக்கொண்டது.

முதலில் கிடைத்தவை ழான் கபேன் நாயகனாக நடித்த குற்றப் படங்களின் இரண்டாம் நிலை வேடங்கள். அவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திருப்பம் இத்தாலியிலிருந்து வந்தது. 1958இல் பாரிசில் ஒரு நாடகத்தை இயக்கிய லுக்கினோ விஸ்கொந்தி, அதில் ழான் மரேயுடன் நடிக்க ஜிரார்தோவைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, தென் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி மிலான் நகருக்கு வரும் ஒரு தாயும் அவளது ஐந்து மகன்களும் சிதைந்துபோகும் கதையைப் படமாக்கியபோது, அண்ணன் தம்பி இருவருக்கு நடுவே அகப்பட்டுக்கொள்ளும் நாதியா என்ற பாலியல் தொழிலாளி வேடத்தை அவருக்கே கொடுத்தார். 'ரோக்கோவும் அவன் சகோதரர்களும்' என்ற அந்தப் படம் 1960இல் வெளிவந்தது.

அதில் நாதியாவின் கொலைக்காட்சியைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஊருக்கு வெளியே, நீர்ப்பரப்பின் ஓரம், சாம்பல் நிற ஒளி. அந்தச் சகோதரர்களுள் ஒருவனான சிமோனே கையில் கத்தியோடு நெருங்கி வருகிறான். நாதியா ஓடவில்லை. ஒரு கம்பத்தில் சாய்ந்து நின்று, சிலுவையில் அறையப்பட்டவரைப் போல இரு கைகளையும் விரிக்கிறாள். குத்து விழும் வரை அந்தக் கைகள் அவனை அணைக்க வருவதைப் போலவும் தெரிகின்றன, எல்லாம் முடிந்தது என்று சொல்வதைப் போலவும் தெரிகின்றன. குத்து விழுந்த பிறகுதான் உயிராசை விழித்துக்கொண்டு, சாக விருப்பமில்லை என்று கதறுகிறாள். சரணாகதியிலிருந்து அச்சத்துக்கு நொடிப்பொழுதில் மாறும் அந்த உடலை இயக்குநர் எவரும் சொல்லிக் கொடுத்து வரவழைக்க முடியாது. சிமோனேயாக நடித்த ரெனாத்தோ சல்வத்தோரியை 1962இல் ஜிரார்தோ மணந்துகொண்டார். அதே ஆண்டில் மகள் ஜூலியா பிறந்தாள்.

இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்கால இத்தாலியப் படங்களில் பின்னணிக் குரல் சேர்ப்பதே நடைமுறை. ஆகவே 'ரோக்கோ'வின் இத்தாலியப் பதிப்பில் நாதியாவின் வாயிலிருந்து வருவது ஜிரார்தோவின் குரல் அல்ல, ஓர் இத்தாலிய நடிகையின் குரல். ஜிரார்தோவின் குரலை அறிந்தவர்களுக்கு இது சற்று விசித்திரமாக இருக்கும். சற்றே கரகரத்த, வேகமான, பாரிஸ் வீதிகளின் வாடை வீசும் அந்தக் குரல்தான் பின்னாளில் அவரது அடையாளமானது. ஒரு வாக்கியத்தைச் சிரிப்பில் தொடங்கி, முடிவதற்குள் அழுகைக்குக் கொண்டுபோகும் ஆற்றல் அந்தக் குரலுக்கு இருந்தது. அது இல்லாமலே, முகத்தையும் உடலையும் மட்டும் கொண்டு, உலகம் அவரை முதன்முதலில் அறிந்துகொண்டது.

இத்தாலி அவரை அழகிற்காக அழைக்கவில்லை என்பதும் கவனத்திற்குரியது. 1964இல் மார்கோ ஃபெர்ரேரி எடுத்த 'குரங்குப் பெண்' படத்தில், உடல் முழுவதும் மயிர் அடர்ந்த ஒரு பெண்ணாக அவர் நடித்தார். அவளைக் கண்காட்சிப் பொருளாக்கிப் பிழைப்பு நடத்தும் மனிதன் அவளையே திருமணமும் செய்துகொள்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்மையாகவே அப்படிக் காட்சிக்கு வைக்கப்பட்ட மெக்சிகோ பெண் ஒருவரின் வாழ்க்கை அந்தக் கதைக்கு மூலம். முகத்தை முழுவதும் மயிர் மூடியிருக்க, கண்களை மட்டும் வைத்துக்கொண்டு நாணத்தையும் நம்பிக்கையையும் காட்ட வேண்டிய வேடம் அது. பிரிஜித் பார்தோவின் புகழ் உச்சத்தில் இருந்த அந்த நாட்களில் முப்பது வயதை ஒட்டிய ஒரு பிரெஞ்சு நடிகை இதை ஏற்றுக்கொண்டார் என்பதிலிருந்தே அவர் தம் முகத்தைப் பற்றி என்ன நினைத்திருந்தார் என்று ஊகிக்கலாம். அது அவருக்கு வேலைக்கான கருவி, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு மார்செல் கார்னேயின் படத்துக்காக வெனிஸ் திரைவிழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

அதே காலத்தில் பிரான்சில் புதிய அலை இயக்குநர்கள் சினிமாவின் இலக்கணத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் முன்வரிசையில் நின்ற த்ரூஃபோவின் படத்திலோ கோதாரின் படத்திலோ ஜிரார்தோவைப் பார்க்க முடியாது. அந்த அலையின் பெண்கள் வேறு வகையினர்: ழான் மொரோ, அன்னா கரினா போல, ஒரு புதிரைச் சுமந்தபடி திரையில் நடப்பவர்கள். ஜிரார்தோவிடம் புதிர் இல்லை. எல்லாவற்றையும் முகத்திலேயே எழுதி வைத்திருப்பவர் அவர். திரைப்பட வரலாற்று நூல்கள் பெரும்பாலும் புதிய அலையைச் சுற்றியே எழுதப்படுவதால், பிரான்சுக்கு வெளியே ஜிரார்தோவின் பெயர் அவர் அடைந்த புகழுக்கு ஏற்ற அளவில் பரவவில்லை என்று நினைக்கிறேன். அவர் சேர்ந்திருந்தது வேறொரு சினிமா: நடுத்தரக் குடும்பங்கள் சனிக்கிழமை மாலையில் சேர்ந்து போய்ப் பார்த்த, கதையும் கண்ணீரும் விவாதமும் கலந்த, விமரிசகர்கள் அதிகம் மதிக்காத வெகுமக்கள் சினிமா.

அந்தச் சினிமாவில் அவருக்கு இடம் தேடிக் கொடுத்தவர் க்ளோத் லெலூஷ். 1967இல் அவர் எடுத்த 'வாழ்வதற்காக வாழ்' படத்தில் கணவனாக ஈவ் மொந்தானும், அவன் ஏமாற்றும் மனைவியாக ஜிரார்தோவும் நடித்தார்கள். ஏமாற்றப்பட்ட மனைவி என்பது எந்த நாட்டு சினிமாவிலும் பழகிப்போன பாத்திரம்தான். ஆனால் ஜிரார்தோவின் காதரீன் கணவன் திரும்பி வரட்டும் என்று காத்திருப்பதில்லை. பிரிந்து, தனக்கென்று ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறாள். பிரான்சில் மணமான பெண் கணவனின் ஒப்புதல் இல்லாமல் வேலைக்குப் போகவும், சொந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் சட்டம் வழிவிட்டது 1965 ஜூலையில்தான். இரண்டே ஆண்டுகள் கழித்து வெளிவந்த படம் இது என்பதை நினைவில் வைத்தால், திரையரங்கில் உட்கார்ந்திருந்த மனைவிமார்கள் காதரீனிடம் என்ன கண்டிருப்பார்கள் என்பது விளங்கும்.

அவரை நட்சத்திரம் என்ற நிலையிலிருந்து ஒரு சமூக நிகழ்வாகவே மாற்றிய படம் 1971இல் வந்தது. அதற்குப் பின்னால் ஓர் உண்மைச் சம்பவம் இருந்தது. மார்சேயில் ஆசிரியையாக இருந்த கப்ரியேல் ருசியே என்ற, மணமுறிவு பெற்ற, இரண்டு குழந்தைகளின் தாயான பெண், தம் மாணவனான பதின்வயதுப் பையனோடு உறவு கொண்டார் என்பதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். நீதிமன்றம் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுத் தண்டனை விதித்தது. அது போதாதென்று அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 1969 செப்டம்பர் 1 அன்று, 32 வயதில், அவர் தற்கொலை செய்துகொண்டார். அதே மாதம் செய்தியாளர்கள் அதைப் பற்றிக் கேட்டபோது, குடியரசுத் தலைவர் ழார்ழ் பொம்பிதூ நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, பால் எலுவாரின் கவிதை வரிகள் சிலவற்றைச் சொல்லி முடித்துக்கொண்டார். இந்தச் சம்பவத்தைத் தழுவி ஆந்த்ரே கயாத் எடுத்த 'காதலால் சாவது' படத்தில் ஜிரார்தோ அந்த ஆசிரியை. பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 60 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள்.

ஆசிரியர் ஒருவர் தம் பொறுப்பில் இருக்கும் பதின்வயது மாணவரோடு கொள்ளும் உறவை இன்று நாம் வேறு கண்ணோடு பார்க்கிறோம். அப்படிப் பார்ப்பதே சரி. 1971இன் பார்வையாளர்கள் அந்தப் படத்தில் கண்டது வேறொன்று. மாணவர்களும் தொழிலாளர்களும் பிரான்சை உலுக்கிய 1968 மே மாதக் கிளர்ச்சிக்குப் பிறகு, தந்தைமாரும் நீதிபதிகளும் பள்ளி நிர்வாகமும் ஒன்றுசேர்ந்து ஒரு பெண்ணை நசுக்கும் காட்சியாகவே அவர்கள் அதைப் பார்த்தார்கள். படம் பிரச்சாரத் தொனியில் செல்லும் இடங்கள் பல. அந்தத் தொனியைத் தாண்டி அதை நிற்க வைப்பது ஜிரார்தோவின் உடல்மொழி: குட்டையாக வெட்டிய தலைமுடி, ஒப்பனை குறைந்த முகம், விசாரணையின்போது எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கும் கைகள். அவர் தியாகியாக நடிக்கவில்லை. களைத்துப்போன ஓர் ஆசிரியையாக நடித்தார்.

அடுத்த பத்து ஆண்டுகளில் அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பார்த்தால் வேலை செய்யும் பெண்களின் பட்டியல் ஒன்று கிடைக்கும். மருத்துவர், ஆசிரியை, கொழுந்துவிட்டு எரியும் குடும்பத்தை நடத்திக்கொண்டே தொழில் செய்யும் தாய், காவல்துறை அதிகாரி. 1978 தொடக்கத்தில் வெளியான ஃபிலிப் த ப்ரோகாவின் நகைச்சுவைப் படத்தில் அவர் ஒரு கமிசார். பிரெஞ்சுக் காவல்துறையில் அந்தப் பதவிக்கான போட்டித் தேர்வு பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டதே 1970களின் நடுவில்தான். லீஸ் தாங்கெரெல் என்ற அந்த அதிகாரி, கொலை விசாரணைக்கு நடுவே, பழைய கல்லூரித் தோழரான கிரேக்க மொழிப் பேராசிரியரைத் தற்செயலாகச் சந்தித்து, தம் வேலையை அவரிடம் மறைக்கப் பாடுபடுகிறார். பேராசிரியராக ஃபிலிப் நுவாரே. இருவரும் நடுவயதினர், இருவருக்கும் உடல் கனத்திருக்கிறது, இருவரும் காதலிக்கிறார்கள். படம் அதை ஒரு விந்தையாகக் காட்டவே இல்லை. மக்கள் அதை விரும்பியதால் 1980இல் அதே இணையை வைத்து இன்னொரு படமும் வந்தது.

இவை எல்லாவற்றிலும் உச்சம் 1976இல் வந்த 'டாக்டர் ஃபிரான்சுவாஸ் கையான்'. மருத்துவமனையில் ஓய்வின்றி உழைக்கும் மருத்துவர் ஒருவர், தம் வீட்டில் கணவனும் பிள்ளைகளும் கைநழுவிப் போய்க்கொண்டிருப்பதை நேரம் கடந்து உணர்கிறார். அதே சமயம் தம் நுரையீரலில் புற்றுநோய் இருப்பதையும் அறிகிறார். மற்றவர்களுக்கு நோயைச் சொல்லிப் பழகியவர் தம் ஊடுகதிர்ப் படத்தைத் தாமே பார்க்க வேண்டிய நிலை. கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய சிமோன் வேய் சட்டமும், இருவரும் இசைந்து மணமுறிவு பெற வழிசெய்த திருத்தமும் முந்தைய ஆண்டில், 1975இல், நிறைவேறியிருந்தன. பெண்ணின் உழைப்பு, குடும்பம், உடல் ஆகிய மூன்றையும் பற்றிப் பிரெஞ்சுச் சமூகம் வீட்டுக்குள்ளேயே வாதிட்டுக்கொண்டிருந்த வேளையில், அந்த மூன்றையும் ஒரே உடலில் சுமந்தபடி ஜிரார்தோ திரைக்கு வந்தார். 1977இல் நடந்த இரண்டாவது சேசார் விழாவில் சிறந்த நடிகை விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் படத்தில் அவரது மகளாக நடித்த இருபது வயதை ஒட்டிய பெண்ணின் பெயர் இசபெல் யூப்பேர். அந்தப் பெயருக்குப் பிறகு திரும்பி வருவோம்.

ஜிரார்தோவின் செல்வாக்கு ஒரு புரிதலின் மேல் நின்றது. அவர் வயதை மறைக்கவில்லை. அவரைப் பார்க்க வந்த பெண்களும் அவரோடு சேர்ந்தே முப்பதிலிருந்து நாற்பதுக்கும், நாற்பதிலிருந்து ஐம்பதுக்கும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தொடர்ந்து திரையரங்குக்கு வரும்வரை அந்தப் புரிதல் செல்லுபடியானது.

1982இல் பிரான்சில் விற்பனையான திரையரங்கு நுழைவுச்சீட்டுகள் 20 கோடிக்கு மேல். பத்தே ஆண்டுகளில், 1992இல், அது 11 கோடியே 60 லட்சமாகச் சரிந்தது. இந்த இடைவெளியில் நடந்தவற்றை அடுக்கினால் காரணம் தானே தெரியும்: 1984இல் கட்டணத் தொலைக்காட்சியான கனால் ப்ளூஸ் தொடங்கப்பட்டது, 1986இலும் 1987இலும் புதிய தனியார் அலைவரிசைகள் வந்தன, 1987இல் அரசுத் தொலைக்காட்சியான தே எஃப் ஏன் தனியாருக்கு விற்கப்பட்டது, வீடியோ நாடாக்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. திரையரங்கை விட்டு முதலில் வெளியேறியவர்கள் குடும்பங்களும் நடுவயதினருமே. எஞ்சியவர்கள் இளைஞர்கள். ஆகவே தயாரிப்பாளர்களின் கணக்கும் அவர்களையே நோக்கித் திரும்பியது. ஐம்பது வயதுப் பெண் மருத்துவர் ஒருவரின் களைப்பைப் பற்றிய படத்துக்கு இனி யார் பணம் போடுவார்கள்? அதே வயதில் நுவாரே போன்ற ஆண் நடிகர்கள் தொடர்ந்து நாயகர்களாக நடித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறைந்துபோன இடத்தை முதலில் இழந்தவர்கள் பெண்களே.

சரியாக இந்த நேரத்தில்தான் அவரது சொந்த முடிவும் வந்து சேர்ந்தது. 1982இல் பாரிசின் கசினோ த பாரி அரங்கில் ஆடலும் பாடலும் கலந்த பெரிய மேடைக்காட்சி ஒன்றில் இறங்கினார். தம் பணத்தையும் அதில் போட்டார். மக்கள் வரவில்லை. அழுகையும் சிரிப்புமாகத் தங்கள் வாழ்க்கையை நடித்துக் காட்டிய பெண்ணை இறகுகளோடும் பளபளப்போடும் பார்க்க அவர்களுக்கு மனம் இசையவில்லை போலும். நட்டம் கடுமையாக இருந்தது. சந்தை சுருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் விழுந்த அடி என்பதால் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் இதே தவறு நடந்திருந்தால் அடுத்த ஆண்டே மூன்று படங்களில் நடித்து மீண்டிருப்பார் என்றே நான் கருதுகிறேன்.

பிறகு அவர் வேலைக்குப் போனது தொலைக்காட்சிக்கு. 1988இல் ஒளிபரப்பான 'அறுவடைக் காலக் காற்று' என்ற தொடர் போல, கிராமத்துக் குடும்பங்கள், நிலத் தகராறுகள், தலைமுறைச் சண்டைகள் நிறைந்த கதைகளில் தாயாகவும் பாட்டியாகவும் வந்தார். பிரான்சில் அப்போது சினிமாக்காரர்கள் தொலைக்காட்சி வேலையை ஓர் இறக்கமாகவே கருதினார்கள். ஆனால் அவரது பழைய பார்வையாளர்கள் இருந்தது அங்கேதான். அவரது 1970களின் படங்கள் மறுஒளிபரப்பானதும் அதே பெட்டியில்தான். சினிமா அவரை மறந்திருந்த ஆண்டுகளில் வீடுகள் அவரை மறக்காமல் இருந்ததற்குத் தொலைக்காட்சியே காரணம். மேடையும் அவரைக் கைவிடவில்லை. பிரேசில் நாடகாசிரியர் ரொபேர்த்தோ அதாய்தே எழுதிய 'மதாம் மார்கெரித்' என்ற ஒற்றை நடிகை நாடகத்தில், பார்வையாளர்களையே வகுப்பு மாணவர்களாக்கி அதட்டும் ஆசிரியை வேடத்தை 1970களில் ஏற்றவர், அதைப் பிற்காலம் வரை மீண்டும் மீண்டும் மேடையேற்றினார்.

சினிமாவுக்குள் அவரைத் திரும்ப அழைத்தவரும் லெலூஷ்தான். விக்தோர் ஹ்யூகோவின் நாவலை இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குக் கொண்டுவந்து அவர் 1995இல் எடுத்த படத்தில், யூதர் ஒருவரைப் பணத்துக்காகத் தங்கள் பண்ணையில் ஒளித்துவைக்கும் விவசாயத் தம்பதியில் மனைவி வேடம் ஜிரார்தோவுக்கு. ஊர் விடுதலையான பிறகும், பணவரவு நின்றுவிடுமே என்று, போர் இன்னும் முடியவில்லை என அந்த மனிதரை நம்பவைத்து நிலவறையிலேயே வைத்திருக்கிறார்கள். பேராசை, ஆசை, தனிமை மூன்றும் பிரிக்க முடியாதபடி கலந்த முகம். அதற்காகத்தான் 1996இல் அந்த மேடையும் அந்தப் பேச்சும் வாய்த்தன.

அந்தப் பேச்சுக்குப் பிறகு வாய்ப்புகள் குவிந்தன என்று சொல்ல முடியாது. விழாவில் அழுதவர்கள் மறுநாள் வேறு நடிகைகளைத்தான் ஒப்பந்தம் செய்தார்கள். அவருக்கு உண்மையான பதில் ஓர் ஆஸ்திரிய இயக்குநரிடமிருந்து வந்தது. மிக்கேல் ஹனெக்கே 2001இல் எடுத்த 'பியானோ ஆசிரியை'யில், நாற்பதைத் தொடும் மகளைக் கைக்குள் வைத்து நெரிக்கும் தாய் வேடம். மகள் இசபெல் யூப்பேர். 1976இல் வேலையின் மும்முரத்தில் மகளைக் கவனிக்கத் தவறிய தாய், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மகளை ஒரு கணமும் விடாமல் கவனிக்கும் தாயாகத் திரும்பி வந்திருந்தார்.

படத்தின் முதல் காட்சி அவர்களது வீடு. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் தாமதமாக வருகிறாள். தாய் வழிமறித்துக் கேள்வி கேட்கிறார், கைப்பையைப் பிடுங்கித் துழாவுகிறார், புதிதாக வாங்கிய ஓர் உடையைக் கண்டுபிடிக்கிறார். இழுபறியில் துணி கிழிகிறது. மகள் தாயின் தலைமுடியைப் பற்றி இழுக்கிறாள். பிறகு இருவரும் அழுது சமாதானமாகி, அடுத்தடுத்துப் போட்ட படுக்கைகளில் ஒரே அறையில் படுத்துக்கொள்கிறார்கள். ஜிரார்தோ இதை ஒரு கொடுமைக்காரியாக நடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் அந்தத் தாயை அன்பு மிகுந்தவளாகவே நடித்தார், அதனால்தான் பார்ப்பவருக்கு மூச்சு முட்டுகிறது. முப்பது ஆண்டுகளாகப் பிரெஞ்சு மக்கள் நேசித்த அதே கதகதப்பான குரல், அதே உரிமையான அதட்டல், இங்கே ஒரு பெண்ணைச் சிறை வைக்கிறது. தென் பிரான்சின் கான் (Cannes) திரைப்பட விழாவில் படத்துக்கு கிராண்ட் பிரி விருதும், யூப்பேருக்கும் உடன் நடித்த பெனுவா மஜிமேலுக்கும் நடிப்பு விருதுகளும் கிடைத்தன. 2002இல் ஜிரார்தோவுக்குத் துணை நடிகைக்கான இரண்டாவது சேசார் வந்தது.

ஹனெக்கே 2005இல் எடுத்த அடுத்த படமொன்றில் அவருக்கு ஒரே ஒரு காட்சிதான். படுக்கையில் கிடக்கும் வயதான தாய். பார்க்க வந்த மகன், சிறுவயதில் தான் செய்த ஒரு துரோகத்தைப் பற்றிச் சுற்றி வளைத்துக் கேட்கிறான். தாய்க்கு அதை நினைத்துப் பார்க்க விருப்பமில்லை. அடுத்த ஆண்டு, 2006இல், ஜிரார்தோவுக்கு அல்சைமர் நோய் என்ற செய்தியைப் பத்திரிகைகள் வெளியிட்டன. 2008இல், குடும்பத்தாரின் ஒப்புதலோடு எடுக்கப்பட்ட ஆவணப்படமொன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, தாம் நடிகையாக இருந்ததையே மறந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை நாடு பார்த்தது. அப்படிக் காட்டியிருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது நியாயமே. ஆனால் நோயையும் முதுமையையும் அதுவரை மறைத்தே வைத்திருந்த வீடுகளில் அந்த ஒளிபரப்பு பேச்சைத் திறந்துவிட்டிருக்கும் என்றும் எனக்குத் தோன்றுகிறது. ஆசிரியையாகவும் மருத்துவராகவும் அவர் 1970களில் செய்ததும் அதைத்தான். 2011 பிப்ரவரி 28 அன்று, 79 வயதில், பாரிசில் இறந்தார். பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நோய் தொடங்கிய பிறகும் சில ஆண்டுகள் அவர் நடித்துக்கொண்டிருந்தார். 2007இல் ஜேன் பர்க்கின் இயக்கிய படத்தில்கூட ஒரு தாயாக வந்தார். வசனங்கள் நினைவில் நிற்காததால் காதுக்குள் சிறு ஒலிக்கருவி பொருத்தப்பட்டது; படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசிக்க, அதைக் கேட்டு அவர் பேசினார். 'ரோக்கோ'வில் அவர் உதடுகள் அசைய, வேறொருத்தியின் குரல் வெளியே ஒலித்தது. இப்போது வேறொருவர் குரல் உள்ளே ஒலிக்க, வெளியே வந்தது அவருடைய குரல்: கரகரத்து, வேகம் சற்றுக் குறைந்து, எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்தச் சொல்லில் சிரிப்பு உடைய வேண்டும் என்பதை மட்டும் யாரும் எடுத்துக் கொடுக்கத் தேவையில்லாமல்.